சிலாபக் கரையிற் போதனாமொழி மாற்றமும் பெற்றாரின் மௌனமும்

கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளையும் முறைப்படுத்திக் காட்டுவர். ஆணையிட்டோரின் பெயர்கள் ஏடுகளில் நிலைபெறுகின்றன. அவ்வாணை ஊரை வந்தடைந்த நாளில் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தோரின் பெயர்கள் நிலைபெறுவதில்லை. ஆயினும் ஒரு பாடவிதானம் ஓர் ஊரில் வேரூன்றுதற்கு ஆணை மாத்திரம் போதாது. ஏற்போரின் இசைவும் வேண்டும். அவ்விசைவு வாய்ச்சொல்லால் அளிக்கப்படுவதிலும் வாளாவிருத்தலால் அளிக்கப்படுவதே மிகுதி. தம் பிள்ளைகள் எதனை, எம்மொழியிற் கற்கவேண்டும் என்பது பற்றி ஐயம் தோன்றிய காலை, பாடசாலையை நடத்துவோர் முன்னிலையில் அதனை எடுத்துரைப்பதா, அடக்கிக்கொள்வதா என்பது பெற்றாருக்கும் ஆசிரியருக்கும் எக்காலத்தும் எழும் வினாவாகும். அவ்வினாவின் விளைவு எத்துணைப் பெரிதாகலாம் என்பதற்கு இலங்கையின் வடமேற்குக் கரை ஒரு சிறந்த சான்றாக உள்ளது.

கரையும் அதன் மக்களும்

தெற்கே மகா ஓயா கடலோடு கலக்குமிடத்திலிருந்து வடக்கே கற்பிட்டி முனைவரை நீளும் நிலப்பகுதி இன்றைய புத்தளம் மாவட்டக் கரையின் பெரும்பகுதியாகும். முன்னர் சிலாபம், புத்தளம் எனத் தனித்தனி நிருவாகப் பிரிவுகளாக இருந்தவை பின்னர் ஒன்றாயின. இக்கரையில் தமிழ் வழங்கிய தொன்மைக்குச் சான்றுகள் பல. முன்னேசுவரம் ஈழத்துச் சிவத்தலங்களுள் முதன்மை வாய்ந்தவற்றுள் ஒன்று. உடப்பு என்னும் மீனவர் ஊரில் திரௌபதையம்மன் கோயிலும் தீமிதிப்பும் இன்றும் சிறப்புற்று விளங்குகின்றன. உள்நாட்டுப் பிரிவொன்று ‘தெமள ஹத்பத்து’, அஃதாவது தமிழருடைய ஏழு பற்றுகள், என்று சிங்கள மொழியிலேயே வழங்கிவருகின்றது. 1834இல் இலங்கையின் இடப்பெயர் அகராதியையும் 1859இல் ‘தமிழ்ப் புளூராக்’ என்னும் புலவர் சரித்திரத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இற் கற்பிட்டியிற் பிறந்தவர். சட்டநிரூபண சபையிற் தமிழர் பிரதிநிதியாகவும் அமர்ந்தவர்.

இக்கரையின் மக்கள் ஒரு சமயத்தினர் அல்லர். உடப்பு முதலிய ஊர்களிற் சைவரும், கற்பிட்டியிலும் புத்தளத்திலும் முஸ்லிம்களும், சிலாபந் தொட்டுத் தெற்கே கத்தோலிக்கரும் செறிந்து வாழ்கின்றனர். கத்தோலிக்க மீனவர் பலர் வீட்டிலும் வள்ளத்திலும் தமிழ் பேசினர். சந்தையிலும் கச்சேரியிலும் சிங்களம் பேசினர். இரு மொழிகளும் இக்கரையில் நெடுங்காலம் பகையின்றி உடனுறைந்தன. 1705இல் இலங்கை வந்து 1742இல் போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் சமய நூல்களை இயற்றினார் என்பது ஈண்டு கருதத்தக்கது. இரு மொழியும் வேண்டிய ஒரு மக்கட் கூட்டம் அவர்முன் இருந்தது.

ஒல்லாந்தர் பாடசாலையும் இரட்டை வாழ்வும்

1659இல் ஒல்லாந்தர் கற்பிட்டியைக் கைப்பற்றினர். தாம் ஆண்ட கரையோரப் பகுதிகளில் அவர்கள் நிறுவிய பாடசாலைகளை மேற்பார்வை செய்தற்குக் கொழும்பு, யாழ்ப்பாணம், காலி ஆகிய இடங்களிற் பாடசாலைச் சபைகள் அமைக்கப்பட்டன. போதகர் ஒருவரும் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரும் ஊரூராகச் சென்று மாணவரைப் பரீட்சித்தனர். பாடவிதானமோ எளிது: எழுத்து, வாசிப்பு, செபம், சீர்திருத்தச் சபையின் ஞானோபதேசம் என்பனவே அது. வராத பிள்ளைகளின் பெற்றாருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. ஊர்த்தோம்பு உபாத்தியாயர் கையிலிருந்தது. பெயர் பதியாதவன் விவாகப் பதிவிலும் முதுசத்திலும் இடர்ப்பட நேர்ந்தது.

கத்தோலிக்கப் பெற்றாருக்கு அப்பாடவிதானம் உவப்பானதன்று. எனினும் அதனை மறுத்துப் பேசுதற்கு இடமில்லை. 1658ஆம் ஆண்டுப் பிரகடனம் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலந் தருவோருக்கு மரணதண்டனை விதித்திருந்தது. ஆகவே மக்கள் ஓர் உபாயத்தைக் கைக்கொண்டனர். பரிசோதகர் முன்னிலையிற் பிள்ளைகள் புதிய ஞானோபதேசத்தை ஒப்பித்தனர். வீட்டிற் பழைய செபத்தைச் சொல்லினர். 1690 அளவில் கண்டியரசின் ஆளுகையிலிருந்த புத்தளத்தில் யோசேப் வாஸ் அடிகள் தங்கிப் பணிபுரிந்தார். அவரும் அவர்வழி வந்த கோவைக் குருமாரும் மறைவிற் செய்த ஊழியத்தால் அச்சமயம் அழியாது நின்றது. 1806இல் ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கியபோது, ஒன்றரை நூற்றாண்டு மௌனத்தின் பின்னரும் அவர்கள் கத்தோலிக்கராகவே இருந்தனர்.

இதனால் ஒரு பழக்கம் தலைமுறை தலைமுறையாக ஊறியது எனலாம். பாடசாலை சொல்வதற்கு எதிர்ச்சொல் கூறாது தலையசைத்து, வேண்டியதை வீட்டிற் காத்துக்கொள்ளுதலே அப்பழக்கம். சமயத்தைக் காத்தற்கு அது போதியதாயிற்று. மொழியைக் காத்தற்கு அது போதியதாகவில்லை என்பதைப் பின்னைய வரலாறு காட்டும்.

நன்கொடையும் முகாமையாளரும்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1834இற் பாடசாலை ஆணைக்குழு ஏற்பட்டது. அதிலே ஆங்கிலத் திருச்சபையின் செல்வாக்கு மேலோங்கியிருந்தது. 1841இல் அது மத்திய பாடசாலை ஆணைக்குழுவாகத் திருத்தியமைக்கப்பட்டது. 1869இல் வித்தியாபகுதி தோன்றியது. இவ்விடைக்காலத்திற் கல்வியதிகாரிகளை நோக்கித் துணிந்து குரலெழுப்பியோருள் பொன்ஜீன் அடிகள் ஒருவர். பின்னர் யாழ்ப்பாணத்து மேற்றிராணியாராகவும் கொழும்பின் முதற் பேராயராகவும் விளங்கிய அவர், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரே வகைப் பாடசாலை என்னும் கொள்கையை 1860களில் எழுத்தாலும் வாதத்தாலும் மறுத்தார். ஒவ்வொரு சமயத்தவரும் தத்தம் பாடசாலையை நடத்த அரசாங்கம் பொருளுதவி செய்தல் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1870ஐ ஒட்டி நன்கொடை முறை நிலைபெற்றபோது அக்கோரிக்கை பெரும்பாலும் நிறைவேறிற்று.

இந்நன்கொடை முறை முகாமையாளர் என்னும் ஒருவரை உருவாக்கியது. கத்தோலிக்க ஊர்களிற் கோயிற்பற்றுக் குருவே பெரும்பாலும் அவர். ஆசிரியரை நியமித்தலும் நீக்கலும் அவர் கையில். வித்தியாபகுதியோடு கடிதத் தொடர்பு கொள்வதும் அவரே. 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைக் கட்டளைச்சட்டம் மாவட்டப் பாடசாலைக் குழுக்களை ஏற்படுத்தியது. ஆயினும் கடற்கரையில் வலைபிடிக்கும் ஒருவன் அத்தகைய குழுமுன் சென்று தன் மகனின் பாடப்புத்தகத்தைப்பற்றி முறையிடுதல் எளிதன்று. பொன்ஜீன் அடிகள் தம் சமயத்தவர் சார்பில் அரசாங்கத்தோடு வாதாடி உரிமை பெற்றார்; அவ்வுரிமை முகாமையாளர் கைக்குச் சென்றது; பெற்றார் கைக்கு அதிற் பங்கு வரவில்லை. வந்திருக்கவேண்டும் என்று அக்காலத்தில் எண்ணியோரும் சிலரே.

வடக்கில் நிகழ்ந்தவை

இதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுதல் தகும். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரிடம் கற்று, உவெசுலியன் பாடசாலையிற் கற்பித்து, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் துணைபுரிந்தவர். அங்குள்ள பாடவிதானம் சைவப் பிள்ளைகளைத் தம் சமயத்தினின்று விலக்குகின்றது எனக் கண்ட அவர், அக்கருத்தைப் பிரசங்கங்களால் வெளியிட்டார், வேலையையும் துறந்தார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சியந்திரம் நிறுவினார். முறைப்பாட்டோடு அமையாது, மாணவர் கையிற் கொடுத்தற்குப் பாலபாடங்களையும் தாமே எழுதினார். ஒரு பாடநூலைக் குறைகூறுவோனை நோக்கி, ‘அதற்குப் பதிலாக யாது கற்பிப்பது?’ என்று சபையோர் வினவுதல் இயல்பு. நாவலரிடம் அதற்கு விடை அச்சில் இருந்தது.

அவ்வழியில் 1888இற் சைவபரிபாலன சபையும், 1923இற் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் தோன்றின. பின்னைய சங்கத்தின் பொருட்டு உழைத்த சு. இராசரத்தினம் ‘இந்துபோட் இராசரத்தினம்’ என்றே மக்களால் அழைக்கப்பட்டார். 1924இல் எழுந்த யாழ்ப்பாண மாணவர் காங்கிரசார் சமயத்தை விடுத்து மொழியை முன்வைத்தனர். சுயபாஷையிற் கற்பித்தல் வேண்டும் என்றனர். அவர்களுள் முதன்மை பெற்ற ஹன்டி பேரின்பநாயகம் மிசனரிமார் தாபித்த கல்லூரியிலேயே ஆசிரியராக இருந்தவர். தம்மை நியமித்தோரின் கொள்கையோடு மாறுபட்டும் ஆசிரியர் ஒருவர் பொதுவிற் பேசலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. ஆனால் அவருக்குப் பின்னால் ஓர் இயக்கமும், செய்தியை வெளியிடப் பத்திரிகையும், படித்த கேட்போரும் இருந்தனர். சிலாபக் கரையில் ஒற்றைப் பாடசாலையில் ஒற்றை ஆசிரியராக இருந்தவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. சமயம் காக்க எழுந்தவற்றை ஒத்த சங்கம் ஒன்று, மொழி காக்க அக்கரையில் எழவுமில்லை.

தாய்மொழி யாது?

1931இல் வித்தியா மந்திரியான கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாதல் வேண்டும் என்பது அதன் முக்கிய விதப்புரைகளுள் ஒன்று. 1944 மே மாதத்தில் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்த பிரேரணை சிங்களத்தைப் போதனாமொழியாகவும் அரசகரும மொழியாகவும் ஆக்கும்படி கேட்டது. திருகோணமலை மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினர் வி. நல்லையா எழுந்து, தமிழையும் சேர்க்கவேண்டும் என்று திருத்தம் முன்மொழிந்தார். திருத்தம் ஏற்கப்பட்டுப் பிரேரணை நிறைவேறியது. அவையிற் சேர்க்கப்பட்டது ஒரு சொல். அச்சொல்லைச் சேர்க்கும்படி கேட்க ஒருவர் அன்று அவையில் இருந்தார்.

தாய்மொழிக் கல்வி என்னும் கொள்கை நாடெங்கும் நல்வரவு பெற்றது. சிலாபக் கரையிலோ அதுவே சிக்கலாயிற்று. நடைமுறையில், தாய்மொழி என்பது வீட்டில் வழங்கும் மொழியைக்கொண்டு கணிக்கப்பட்டதிலும் பெற்றாரின் இனப்பெயரைக்கொண்டே பெரிதும் கணிக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கும் பறங்கியருக்கும் தெரிவு விடப்பட்டது. ஏனையோருக்குப் பதிவே முடிவாயிற்று. வீட்டிற் தமிழ் பேசி, பதிவேட்டிற் சிங்களவர் எனப் பெயர்பெற்ற குடும்பத்துப் பிள்ளைக்குத் தாய்மொழி யாது? தாயின் வாயில் உள்ள மொழியா, இடாப்பில் எழுதிய இனத்தின் மொழியா? இவ்வினா எழும் என்பதைச் சட்டம் வகுத்தோர் எதிர்பார்க்கவில்லை போலும்.

கொழும்புப் பேராயத்தினின்று பிரிந்து 1939இற் சிலாப மேற்றிராசனம் உருவாகியது. 1940 முதல் 1972 வரை அதன் முதல் மேற்றிராணியாராக இருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை சிங்கள இலக்கியத்திலும் நாட்டு வரலாற்றிலும் ஆழ்ந்த புலமையுடையவர். இக்கரைப் பாடசாலைகளிற் போதனாமொழி தமிழினின்று சிங்களமாக மாறியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டென இக்கரைத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அவர் நோக்கைத் தீயதெனக் கொள்ளுதல் முறையன்று. கத்தோலிக்கர் அந்நியர் என்னும் பழியை நீக்கி அவர்களை நாட்டின் பெரும்பான்மை வாழ்வோடு இணைத்தல் அக்காலத் திருச்சபைத் தலைவர் பலரின் கவலையாக இருந்தது. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டத்தின் பின் உத்தியோகம் நாடுவோருக்குச் சிங்களம் இன்றியமையாததாயிற்று. எனவே மாற்றத்துக்குக் காரணங்கள் இருந்தன. அக்காரணங்களை மறுபக்கத்துக் காரணங்களோடு ஒரே மேசையில் வைத்து நிறுத்துப் பார்க்கும் ஓர் அவையே இல்லாதிருந்தது.

பேசாமைக்குரிய காரணங்கள்

பெற்றார் ஏன் பேசவில்லை என வினவுவோர் அவர்களை அறிவிலிகள் என்றோ அஞ்சியோர் என்றோ எளிதிற் தீர்ப்பளித்தல் தவறு. முகாமையாளர் அவர்களுடைய குரு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும், விவாகத்தை நிறைவேற்றியவரும், மரிப்போருக்கு இறுதிச் செபம் சொன்னவரும் அவரே. அத்தகையவரிடம் பாடவிதானத்தைப்பற்றி மாறுபட்டுரைத்தல் சமயத்துக்கே மாறாகப் பேசுதல் போலத் தோன்றியிருக்கும். ஆசிரியரின் நிலை இன்னும் இடுக்கமானது. அவர் உணவு முகாமையாளரின் கையெழுத்தில் தங்கியிருந்தது. அன்றியும், பிள்ளைகள் சிங்களங் கற்றால் முன்னேறுவர் என்னும் எண்ணம் பொய்யன்று. தமிழ் எப்படியும் வீட்டில் இருக்கும் என்னும் எண்ணமும் அந்நாளில் நம்பத்தக்கதே. ஒல்லாந்தர் காலத்திற் செபம் வீட்டில் நிலைத்ததன்றோ?

ஆயின் செபமும் மொழியும் ஒரு தன்மையன அல்ல. செபம் மனப்பாடத்தால் நிலைக்கும். மொழியோ எழுத்து, கணக்கு, கடிதம், பத்திரிகை, விளையாட்டு, நட்பு என எல்லாத் துறையிலும் வழங்கினால் அன்றித் தேயும். பாடசாலையிற் சிங்களத்தில் எண்ணக் கற்ற பிள்ளை வீட்டிலும் சிங்களத்திலேயே எண்ணும். அப்பிள்ளை தாயாகும்போது தன் பிள்ளையோடு எந்த மொழி எளிதோ அதிலே பேசும். ஒடுக்குவோனிடமிருந்து சமயத்தைக் காத்த அதே மௌனம், அன்புடைய குருவின் முன்னிலையில் மொழியைக் கைவிட்டது.

அன்றியும் இக்கரைக் கத்தோலிக்கர் வாய்திறக்க அறியாதோர் அல்லர் என்பதற்குப் பிற்கால நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். 1960ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டு 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் அரசாங்கம் நன்கொடை பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, மேற்குக் கரை உட்படப் பல இடங்களிற் கத்தோலிக்கப் பெற்றார் பாடசாலைக் கட்டிடங்களுட் புகுந்து இரவும் பகலும் காவலிருந்தனர். இந்தியாவிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து சமாதானம் பேசும்வரை அவர்கள் அசையவில்லை. பாடசாலை எவருக்கு உரியது என்னும் வினாவுக்காக அவ்வளவு உறுதியாக நின்றோர், அப்பாடசாலையில் எம்மொழி வழங்கவேண்டும் என்னும் வினாவுக்காக அவ்வாறு நிற்கவில்லை. முன்னையதற்கு அழைப்பு விடுக்கத் தலைவர் இருந்தனர், பின்னையதற்கு இலர். துணிவு மக்களிடம் இருந்தது. அதனைத் திரட்டி ஒரு கோரிக்கையாக எழுதித் தருவோரே இல்லாதிருந்தனர். அப்பணி ஆசிரியருக்குரியது, எழுத்தறிந்தவரும், பிள்ளைகளின் தடுமாற்றத்தை நாள்தோறும் கண்டவரும் அவரே.

விளைவும் படிப்பினையும்

இன்று தெற்குப் பகுதியின் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றிற் தமிழ் முதியோரின் மொழியாகச் சுருங்கியுள்ளது. இளையோருக்குச் சிங்களமே முதன்மொழி. அயலிலுள்ள நீர்கொழும்பு மீனவரின் தமிழைச் சிங்களத் தொடர்பால் உருமாறிய ஒரு தனி வழக்காக மொழியியலார் ஸ்டீவன் பொன்ரா 2008இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். உடப்பிலோ தமிழ் போதனாமொழியாகத் தொடர்ந்தது. ஊரும் தமிழூராக நிற்கின்றது. புத்தளம், கற்பிட்டி முஸ்லிம் பாடசாலைகளும் தமிழிலேயே கற்பித்துவந்தன. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் இக்கரையில் அடைக்கலம் புகுந்தபோது, அவர்களுடைய பிள்ளைகளைத் தமிழ்மொழிப் பாடசாலைகள் ஏற்கக்கூடியதாயிற்று. கடல் ஒன்று, தொழில் ஒன்று; பாடசாலையின் மொழி வேறுபட்டமையால் ஊர்களின் மொழியும் வேறுபட்டது.

மொழி மாறுதல் உலகில் எங்கும் நிகழ்வதே. மாறியோர் குறைந்தோர் என்று எவரும் சொல்லார். தம் விருப்பால் ஆராய்ந்து ஒரு சமூகம் மொழி மாறுமாயின் அஃது அதன் உரிமை. இக்கரையில் வருந்தத்தக்கது, அவ்வாராய்ச்சி நிகழ இடம் ஏற்படாமையே. எவரும் கேளாததால் எவரும் விடை கூறவில்லை. விடை கூறப்படாத காரணத்தால் அனைவரும் இசைந்தனர் என்று கொள்ளப்பட்டது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகள் இரண்டனுள் ஒன்றிற் கல்வி பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகின்றது. பாடசாலை தோறும் பெற்றாரும் ஆசிரியரும் அமரும் அபிவிருத்திச் சங்கம் உண்டு. முகாமையாளரின் தனியாட்சி இல்லை. எனினும் அவை இருந்தால் மாத்திரம் போதாது. அதிற் பேசுவோர் வேண்டும். திருவள்ளுவர் அவையறிதலை முதலிலும் அவையஞ்சாமையை அதன் பின்னும் வைத்த முறை ஈண்டு நினைக்கத்தக்கது. எவரிடம் முடிவு செய்யும் அதிகாரம் உள்ளது, அவர் எக்காரணத்தை மதிப்பர், தன் பக்கத்துச் சான்று யாது, மாற்றாக எதனை முன்வைப்பது என அறிந்தபின் அஞ்சாது உரைத்தலே முறை. நாவலர் பாலபாடத்தோடு வந்தார்; நல்லையா ஒரு சொல்லோடு எழுந்தார். அவர்கள் கேட்டவை முழுவதும் உடனே கிடைத்தன அல்ல. நாவலரின் வித்தியாசாலை நெடுங்காலம் அரசாங்க உதவியின்றி நடந்தது. எனினும் கேட்கப்பட்ட வினா ஏட்டில் நின்றது. பின்வந்தோர் அதனைப் பற்றி மேலேறினர்.

பாடவிதானம் பற்றிய ஐயத்தைச் சபையில் எடுத்துரைப்போன் சபைக்குப் பகைவன் அல்லன். அவன் பேசியபின் சபை வேறாக முடிவு செய்யினும், அம்முடிவு ஆராய்ந்து செய்த முடிவாகும். அவன் பேசாதபோது செய்யப்படும் முடிவுக்கு அச்சிறப்பு இல்லை. அதன் பயனையோ அம்முடிவு செய்த நாளிற் பிறவாத பிள்ளைகளே அனுபவிப்பர். சிலாபக் கரையின் முதியோர் தம் பேரப்பிள்ளைகளோடு சிங்களத்திற் பேசி, தம் வயதினரோடு மாத்திரம் தமிழிற் பேசும் காட்சி இவ்வுண்மையை எந்நூலினும் தெளிவாக உணர்த்தும்.